புருஷோத்தமன் வீட்டு மெஷின் சாமி கும்பிட்ட வரலாறு

பிள்ளைப்பாக்கம் புருஷோத்தமன் அவர்களின் வரலாற்றை எழுதப் புகுந்தால் பிறப்பு, வளர்ப்பு, பள்ளிக்கூடம் ஆகியவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம். அவரே அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வரலாறு தொடங்குகிற இடம், ஒரகடம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் கதவு. அதைத் தாண்டினால் ஒரு சின்ன அறை. நாலு பக்கமும் காற்று சீறி உடம்பிலுள்ள தூசியைத் தட்டும். அதையும் தாண்டினால் ஏசி. அந்த ஏசிக்குள் நீலத் தொப்பியும் நீலக் கோட்டும் அணிந்து, மினி பஸ் அளவு மெஷின் ஒன்றின் பக்கத்தில் நின்றபடியே அவருடைய வாலிபம் கழிந்தது.

மெஷினின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எள்ளைவிடச் சின்னதான பாகங்கள் பிளாஸ்டிக் நாடாவில் வரிசையாக உட்கார்ந்து, ரீல் ரீலாக வரும். மெஷினின் மூக்கு அவற்றை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்து, பச்சை போர்டில் அததற்கு விதித்த இடத்தில் வைக்கும். ரீல் தீர்ந்தால் கூவும். கூவினால் புருஷோத்தமன் புது ரீல் மாட்டுவார். கூவாதபோது, எப்போது கூவும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மெஷினின் மூடியில் ஒரு ஸ்டிக்கர் உண்டு. 'ஆபரேட்டர் திறக்கக் கூடாது' என்று மூன்று மொழிகளில் எழுதி, மூன்றும் தெரியாதவர்களுக்காகக் குறுக்குக்கோடு போட்ட ஒரு கையும் வரைந்திருக்கும். திறக்கும் உரிமை வெள்ளைத் தொப்பி அணிந்த இன்ஜினியர்களுக்கு மட்டும். அவர்கள் திறந்து உள்ளே தலையை விடும்போது பின்னால் நின்று டார்ச் பிடிக்கிற பாக்கியம் அவருக்குப் பலமுறை வாய்த்தது. ஆனால் டார்ச் பிடிப்பவர் கண்ணுக்கு வெள்ளைக் கோட்டின் முதுகுதான் தெரியும். மெஷினின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. இன்ஜினியர்களின் முதுகு பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்.

இப்படியிருக்கையில் ஒருநாள் டீ நேரத்தில் பிரவீன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வெள்ளைத் தொப்பிக்காரன்தான், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், நல்ல மாதிரி.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதிய. புது மெஷினு வருது. ரீல அதுவே மாட்டிக்கிடுமாம். அடுத்த மாசத்துலேர்ந்து உங்களப் பேக்கிங்ல போட்டிருக்காவ."

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. சம்பளம் அதேதான், கேன்டீன் அதேதான், ஏறுகிற கம்பெனி பஸ்ஸும் அதேதான். ஆனால் பேக்கிங்கில் ஏசி கிடையாது, தொப்பி கிடையாது, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவதுதான் உத்தியோகம். பிள்ளைப்பாக்கத்தில் நிலம் விற்றவர், விற்கப் போகிறவர், விற்றதற்காக வருந்துகிறவர் என்ற பழைய பிரிவுகள் போய், இப்போது ஏசிக்குள் வேலை பார்ப்பவர், ஏசிக்கு வெளியே பார்ப்பவர் என்ற இரண்டு ஜாதிதான் பாக்கி. அவருடைய இல்லத்தரசி ரஞ்சனி எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இலை போடுவதற்குள், "எங்கூட்டுக்காரரு ஏசிக்குள்ள கீறாரு" என்பதைச் சொல்லி முடித்துவிடுவார். அந்த வாக்கியம் அடுத்த மாதத்தோடு காலாவதி.

புருஷோத்தமனுக்கு உறுத்தியது வேறு. இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றாகிவிட்டது. மூடியைத் திறந்து ஒரு தரம் எட்டிப் பார்க்காமலே போகப் போகிறோம்.

அதன் விளைவாக ஒரு கூரியர் வந்தது. பெட்டியில் இருந்தது, மேசைமேல் வைக்கிற பிக் அண்ட் பிளேஸ் மெஷின். கம்பெனியில் இருப்பதன் கைக்குழந்தை என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தை தனித்தனியாக வந்திருந்தது. அலுமினியக் கம்பிகள், பல் வைத்த பெல்ட்டுகள், மோட்டார்கள், இரண்டு கேமரா, ஒரு பை நிறைய வயர், பொட்டலம் பொட்டலமாக ஸ்க்ரூ. எல்லாவற்றையும் வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டும். எப்படி என்பதைக் கை மட்டும் தெரிகிற ஒரு வெள்ளைக்காரர் போனில் வீடியோ வீடியோவாகக் காட்டினார். முதுகு காட்டாத இன்ஜினியரை நம்மவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

ஆனால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவருக்குக் கை ஓடவில்லை. மெஷினைத் தொடுகிற வேலை இன்ஜினியருடையது, அவரோ ஆபரேட்டர். இவ்வளவு காலம் ஊறிய சட்டத்தைச் சொந்த வீடு என்பதற்காக மீற முடியுமா. வண்டியை எடுத்துக்கொண்டு குன்றத்தூர் போனார். கடைத்தெரு முழுக்கத் தேடியும் இன்ஜினியர் தொப்பி கிடைக்கவில்லை. கிரிக்கெட் அம்பயர் போடுகிற வெள்ளைத் தொப்பி ஒன்று கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகு வேலை சரசரவென்று நடந்தது.

சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டு அஸ்திவாரமாயிற்று. ஹாலின் நடுவில் மேசை. அதைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப். டேப்பைத் தாண்டுபவர் செருப்பில்லாமல், தலையை மூடி, கையை ஒரு தரம் இரும்பு பீரோவில் தொட்டுவிட்டு வரவேண்டும் என்று விதி. உடம்பிலிருக்கிற மின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடுமாம். ஹாலைத் தாண்டித்தான் சமையலறை.

"மாவு அரைக்கப் போறதுக்குக்கூட பீரோவாண்ட பர்மிஷன் கேக்கணுமா?" என்று கேட்ட ரஞ்சனி, பீரோவைத் தொட்டுவிட்டேதான் போனார்.

புருஷோத்தமன் பெல்ட்டை விரலால் சுண்டிப் பார்த்து முறுக்கேற்றினார். மோட்டார் ஒன்றைத் தலைகீழாக மாட்டி, வலப்பக்கம் போகச் சொன்னால் இடப்பக்கம் போகிற மெஷினைச் சிறிது காலம் வைத்திருந்தார். பிறகு அதையும் திருத்தினார். ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பூட்டும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து, அந்த மனிதரிடம் சண்டை போட வைத்திருந்த விஷயங்களை ரஞ்சனி தள்ளிவைத்தார்.

அடுத்தது தாவீது. ஒரு காலத்தில் அதே லைனில் நீலத் தொப்பி போட்டவர். இப்போது குன்றத்தூரில் ஷெட் வைத்து எமர்ஜென்சி விளக்கு செய்கிறார். போர்டுகளில் பாகம் வைப்பதெல்லாம் அங்கே கைவேலை. புருஷோத்தமன் போனில் விஷயத்தைச் சொல்ல, தாவீது யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்தவாரம் ஞாயித்துக்கெழம ஆராதன முடிச்சிட்டு வரேன். என் கண்ணெதிர்ல போர்டு போட்டுக் காட்டு. சரியா இருந்தா மாசாமாசம் வேல உன்னுது. இல்லன்னா பேக்கிங்குக்குப் போ. அதுவும் வேலதான், இன்னா இப்ப."

ஆக, எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது.

மெஷின் எப்படித் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கறுப்பு அடித்தட்டின் ஒரு மூலையில் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும். சுவிட்சைப் போட்டதும் மெஷினின் தலை அந்த மூலைக்குப் போய், கேமராவால் கீழே பார்த்துப் புள்ளியைக் கண்டுபிடிக்கும். உலகம் அதற்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ரீல் எங்கே, போர்டு எங்கே என்று எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்து அளந்த தூரம்தான். புருஷோத்தமன் வியாழக்கிழமையே ஒவ்வோர் இடமாகக் காட்டி மெஷினுக்குப் பாடம் சொல்லிவைத்தார். ஆனால் பாகம் எதையும் வைத்துப் பார்க்கவில்லை. பூஜை போடாமல் மெஷினை வேலை வாங்கக் கூடாது என்று ரஞ்சனி தடுத்திருந்தார். கம்பெனியில் கோடி ரூபாய் மெஷின்களே ஆயுத பூஜையன்று பொட்டு வைத்துக்கொண்டுதான் நிற்கின்றன. அதில் புருஷோத்தமனுக்கும் மறுப்பில்லை.

வெள்ளிக்கிழமை பூஜை. வாழைப்பழம், ஊதுபத்தி, எலுமிச்சம்பழம். சந்தனம் வைக்கிற கட்டத்தில் ரஞ்சனிக்கு ஒரு நியாயமான சந்தேகம் வந்தது. மெஷின் இத்தனூண்டு, விரலால் வைத்தால் அப்பிவிடும். தீக்குச்சியைத் திருப்பிப் பிடித்து, மருந்தில்லாத முனையால் சந்தனத்தைத் தொட்டு, நான்கு மூலையிலும் கடுகு கடுகாக வைத்தார். வெள்ளைப் புள்ளி இருந்த மூலையில், அதன்மேல் படாமல், ஒரு விரல் தள்ளி. மெஷின்காரன் வைத்த பொட்டை அழிப்பது மரியாதையில்லை என்று நினைத்தார்.

சுவிட்சைப் போட்டார்கள். மெஷின் தலை மெதுவாக மூலைக்குப் போய், பொட்டுக்கு மேலே தயங்கி நின்றது.

"பாருங்க, சாமி கும்புடுது" என்றார் ரஞ்சனி.

அவர் கையைக் குவித்துக் கண்ணை மூடினார். புருஷோத்தமனும் தொப்பியைக் கழற்றிவிட்டு மூடினார். ஒரு மெஷினே கும்பிடும்போது மனிதன் சும்மா நிற்பது நன்றாயிருக்காது. கண்ணைத் திறந்தபோது மெஷின் வேலையில் இறங்கியிருந்தது. மூக்கு, ரீலுக்குப் பக்கத்திலிருந்த வெறுந்தட்டைக் குத்திக் காற்றை உறிஞ்சியது. உறிஞ்சிய காற்றை போர்டுக்கு வெளியே அக்கறையாக வைத்துவிட்டு அடுத்த காற்றுக்குப் போயிற்று. எல்லாம் ஒரு விரல் மேற்கே.

எங்கேயோ ஆடியிருக்கிறது என்று முடிவுகட்டி, ரீலையும் போர்டையும் ஒரு விரல் நகர்த்தி மாட்டினார். உடனே சரியாகிவிட்டது. சாயங்காலம்வரை கச்சிதமாக வைத்தது. அன்றிரவு அவர் தூங்கியதுபோல அந்த வருஷத்தில் தூங்கியதில்லை.

சனிக்கிழமை காலை மறுபடியும் தப்பு. இந்த முறை கிழக்கே.

காரணம் ரஞ்சனியின் ஒழுங்கு. அடுப்புக்கும் கிரைண்டருக்கும் தினமும் குளித்துவிட்டு வந்து பழைய பொட்டைத் துடைத்துப் புதுப்பொட்டு வைப்பவர், மெஷினை மட்டும் விட்டுவிடுவாரா. ஒருநாள் வைத்த இடத்திலேயே மயிரிழை பிசகாமல் மறுநாளும் வைக்க அவர் மெஷின் இல்லை. ஒருநாள் புள்ளிக்கு இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம். உலகம் தொடங்குகிற இடம் தினமும் விடியலில் மாறிக்கொண்டிருந்தது. வெள்ளைப் புள்ளியைவிடப் பெரிதாகப் பளிச்சிட்ட பொட்டையே புள்ளியென்று நம்பி, மெஷினும் அதை பக்தியோடு ஏற்றுக்கொண்டிருந்தது. புருஷோத்தமனுக்கு இது தெரிய வழியில்லை. கேமரா பார்ப்பது கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று தெரியும்தான். ஆனால் சரியாக அந்த நேரத்தில் அவர் தினமும் கும்பிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

அப்போதுதான் ஐயனார் வந்தார். எதிர்வீட்டுக்காரர், நிலத் தரகர். மனை விற்கும்போது வாஸ்து பார்த்துத் தருபவர், விற்காதபோதும் பார்ப்பவர். மஞ்சள் டேப்புக்கு வெளியே நின்று விவரம் கேட்டார். நேற்று மேற்கு, இன்றைக்குக் கிழக்கு என்றதும் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் போய்ப் பார்த்தார்.

"நேத்து வெள்ளி. சூலம் மேற்கு. இன்னிக்கி சனி. சூலம் கிழக்கு. மெஷினு கரீட்டாத்தான்பா போவுது. நீதான் காலண்டர் பாக்காம வேல வாங்கறே."

வாரசூலம் இருக்கும் திசையில் மனிதர்கள் பயணம் போகாமல் தவிர்ப்பார்கள். இந்த மெஷின் தேடிப்போய் விழுகிறது என்பதுதான் வித்தியாசம். பரிகாரமும் அதே தாளில் அச்சாகியிருந்தது. கிழக்குக்குத் தயிர், மேற்குக்கு வெல்லம். மெஷின் தயிர் சாப்பிடாது என்பதால் ஆபரேட்டர் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு ரீலை நகர்த்த, சரியாகிவிட்டது. ரீலை நகர்த்தியதைப் பற்றி யாரும் பேசவில்லை. தயிரின் புகழ் தெருவெல்லாம் பரவியது.

ஞாயிறன்று மேற்கே போகவேண்டிய மெஷின் வடக்கே போனது. லீவு நாள், கணக்கில் சேராது என்றார் ஐயனார். திங்களன்று தென்கிழக்கு. அதிலும் ஒரு கிழக்கு இருக்கிறது என்றார். செவ்வாயன்று எதற்கும் பொருந்தாமல் போனபோது, சீனாக்காரன் செய்தது, அவன் காலண்டர் வேற என்று சொல்லிவிட்டு ஐயனார் ஒரு மனை காட்டப் போய்விட்டார்.

புதன்கிழமை டீ நேரத்தில் புருஷோத்தமன், தெரிந்தவர் ஒருவர் வீட்டு மெஷின் என்ற பாவனையில் பிரவீனிடம் கேட்டார். பிரவீன் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "ஆரம்பப் புள்ளியப் பாக்கச் சொல்லுங்கண்ணே. அது ஆடுனா எல்லாம் ஆடும்." அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பார்த்தார். வெள்ளைப் புள்ளி வைத்த இடத்தில் கல் மாதிரி இருந்தது. ஒரு விரல் தள்ளி இருந்ததும் கண்ணில் பட்டது. அது பொட்டு. பொட்டை யாராவது சந்தேகப்படுவார்களா. படித்த பையன், ஆனால் அனுபவம் போதாது என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை மாலை எல்லாவற்றையும் நகர்த்திச் சரி செய்தார். பத்து போர்டு போட்டுப் பார்த்தார், பத்தும் அச்சு. நாளைக்குத் தாவீது வந்துவிட்டுப் போகிறவரை மெஷினில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ரஞ்சனியிடம் சத்தியம் வாங்கினார். ரஞ்சனியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஞாயிறு விடியலில் குளித்து, விசேஷ நாள் என்பதால் சந்தனத்தில் கொஞ்சம் பன்னீரும் குழைத்துக்கொண்டு வந்தார்.

தாவீது வெள்ளைச் சட்டையில், கையில் வேதாகமத்தோடு வந்து இறங்கினார். போகிற வழியில் ஆட்டுக்கறி வாங்கவேண்டும், நல்ல கறியெல்லாம் தீர்ந்துவிடும், சீக்கிரம் காட்டு என்றார். ஐயனாரும் வந்து டேப்புக்கு வெளியே நின்றார், உள்ளங்கையில் வெல்லத்தோடு. புருஷோத்தமன் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சுவிட்சைப் போட்டார்.

தலை மூலைக்குப் போய்த் தயங்கியது. தொப்பி இறங்கியது. ரஞ்சனி கை குவித்தார். ஐயனார் வெல்லத்தோடு சேர்த்துக் குவித்தார். மூவரும் கண்ணை மூடினார்கள். தாவீதும் கண்ணை மூடிக் கும்பிடுகிற பழக்கம் உள்ளவர்தான்; ஆனால் அன்றைக்கு மூடவேண்டியதை ஆராதனையிலேயே மூடி முடித்துவிட்டு வந்திருந்தார். ஹாலில் திறந்திருந்த கண்கள் அவருடையவை மட்டும். அவை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மூவரும் கண்ணைத் திறந்தபோது மெஷின், போர்டை விட்டு ஒரு விரல் தெற்கே, கறுப்புத் தட்டின்மேல் காற்றை அடுக்கிக்கொண்டிருந்தது.

ஐயனார் வெல்லத்தைத் தாமே வாயில் போட்டுக்கொண்டார். பேக்கிங் பகுதியின் டேப் கிழியும் சத்தம் நம்மவர் காதில் தெளிவாகக் கேட்டது.

"ஏம்பா, இப்ப எல்லாரும் இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார் தாவீது.

"மெஷினு சாமி கும்புட்டுதுண்ணா" என்றார் ரஞ்சனி. "கும்புடாம வேலய தொடவே தொடாது."

"அது எத்த கும்புடுதுன்னு என்னிக்காவது பாத்தீங்களா?"

தாவீது எழுந்து போய் மறுபடி சுவிட்சைப் போடச் சொன்னார், எல்லாரும் கண்ணைத் திறந்து வைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. திரையில் கேமரா மெல்ல நகர்ந்தது. ஈரம் காயாத சந்தனப் பொட்டு நிலா மாதிரி எழுந்து வந்தது. அதைச் சுற்றி மெஷின் ஒரு பச்சை வட்டம் போட்டு, திருப்தியாக நின்றது. திரையின் ஓரத்தில், கேட்பாரற்று, கம்பெனிப் புள்ளி.

புருஷோத்தமன் மனைவியைப் பார்த்தார். "மெஷின்ல கை வெக்காதன்னு சத்தியம் வாங்கினேனே."

"கை எங்க வெச்சேன்? தீக்குச்சிதான வெச்சேன்."

புருஷோத்தமன் துணியை எடுத்தார்; ரஞ்சனி தடுத்தார். பழைய பொட்டைத் துடைத்தால் அந்தக் கையோடு புதுப்பொட்டு வைக்கவேண்டும். துடைத்துவிட்டு வெறும் நெற்றியாய் விடுவதற்கு இந்த வீட்டில் என்ன கேடு வந்தது என்று கேட்டார். மெஷினுக்கு நெற்றி அது இல்லை என்று வாதாடிப் பார்த்தார் நம்மவர். பின்னே எது நெற்றி என்ற கேள்வி வந்தது. வெள்ளைக்காரரின் வீடியோக்களில் இதற்கு விளக்கமில்லை. தாவீது கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆட்டுக்கறி தீர்ந்துகொண்டிருந்தது.

"பொட்டு இருக்கட்டும்மா," என்றார் அவர். "தினம் தினம் எடம் மாறாம இருந்தா போதும்."

ரஞ்சனி பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தார். புடவைக்குப் பொருத்தமாகப் பல நிறத்தில் வரும் அட்டை. சிவப்பும் மெரூனும் பச்சையும் எப்போதோ தீர்ந்துபோய், யாரும் வைத்துக்கொள்ளாத வெள்ளை மட்டும் ஒரு வரிசை அப்படியே இருந்தது. அது வெள்ளை அல்ல, சந்தனக் கலர் என்று அவரே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். பழைய பொட்டைத் துடைத்த கையோடு, அந்த இடத்தில், இருப்பதிலேயே சின்னதை ஒட்டினார். கம்பெனிப் புள்ளிமேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டி அதற்குக் கட்டாய ஓய்வு கொடுத்தார்கள்.

புருஷோத்தமன் ரீலையும் போர்டையும் மெஷினுக்குப் புதிதாகக் காட்டிக்கொடுத்தார். சுவிட்ச். தலை மூலைக்குப் போயிற்று. பச்சை வட்டம் விழுந்தது. யாரும் கண்ணை மூடவில்லை. மூக்கு ரீலுக்குப் போய், ஒரு பாகத்தை உறிஞ்சி, போர்டில் அதன் இடத்தில் வைத்தது. அடுத்தது. அதற்கடுத்தது. தாவீது சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடு."

போட்டார். அதே இடம்.

"இன்னொரு வாட்டி."

அதே இடம்.

தாவீது கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கி ரீலும் போர்டும் ஆளுகிட்ட குடுத்தனுப்பறேன். வேல உன்னுது. பொட்டு மட்டும் தங்கச்சிதான் ஒட்டணும், நீ ஒட்டாத." செருப்பை மாட்டிக்கொண்டே, அம்பயர் தொப்பியை எதற்குப் போட்டிருக்கிறாய் என்றும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கறிக்கடைக்கு விரைந்தார்.

அந்த மாதம் முடிவதற்குள் புருஷோத்தமன் கம்பெனியில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். தெரிந்தவர் வீட்டு மெஷின் சரியாயிற்றா என்று விசாரித்த பிரவீனிடம், ஆரம்பப் புள்ளிதான் காரணம் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். எந்த மாதிரிப் புள்ளி என்பதைச் சொல்லவில்லை. ரஞ்சனிக்கு ஏசி வாக்கியம் போனதில் குறை இருந்தது. தாவீது கொடுத்த வேலையின் முதல் வருமானத்தில் ஹாலுக்கே ஏசி மாட்டியதும் அந்த வாக்கியம் மறுபடி உயிர்பெற்று, இப்போதும் கல்யாணங்களில் இலை போடுவதற்கு முன்பு சொல்லப்படுகிறது. ஐயனாரைக் கேட்டால், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை தாம் தின்ற வெல்லத்தால் வந்தது என்பார்.

ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று என்பதற்காகக் குளித்துவிட்டு வருகிற கையைச் சும்மா வைத்திருக்க ரஞ்சனியால் முடியவில்லை. மெஷினுக்கு வைக்க முடியாத சந்தனத்தை, தினமும் காலையில், தீக்குச்சி முனையால், புருஷோத்தமனின் வெள்ளைத் தொப்பியின் முன்பக்கத்தில் வைக்கிறார். மெஷினின் அடியில் மேலே பார்க்கிற இரண்டாவது கேமரா ஒன்றும் இருக்கிறது. அதுவும் இந்தப் பொட்டைப் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று, மெஷினுக்குள் தலையை விடுகிறபோதெல்லாம் அவர் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்.